சத்தமில்லாமல் திறக்கும் கத்தி

என் பெருமையை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன். கப்பலூரில் இன்றைக்கு என் பட்டறையில் ஓடுகிற மெஷின் ஒவ்வொன்றும் நான் பார்த்து, தொட்டு, தட்டி வாங்கியது. படிப்பு ஏழாவதோடு சரி. இருந்தாலும் இன்ஜினியருக்குப் படித்துவிட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகள், புதுக் கருவி எது வந்தாலும் முதலில் என் மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். கையில் எடுப்பேன், ஒருமுறை திருப்புவேன், ஆகும் என்பேன் அல்லது ஆகாது என்பேன். அம்புட்டுத்தான். இந்தக் கைக்கு யார் பாடம் சொன்னது என்று கேட்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. ஒன்பது வயதில், காளவாசல் ரோட்டோரத்தில் ஒரு சாக்கு விரிப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டில் ஒரு மூலை தருகிறோம், இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்த மூலை எப்படிப்பட்டது என்று ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலூருக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு வந்துவிட்டாள். ஓட்டு வீட்டில் ஒற்றை அறை. பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து வருகிற வாளியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவி எடுக்க வேண்டும். அந்த வேலை போனால் திரும்பவும் பெரியப்பா வீட்டு மூலைதான். இதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். அம்மா வர இருட்டிவிடும். அதற்கு நடுவில் உள்ள நேரத்தை என்ன செய்வது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பல்லாங்குழியை எடுத்து வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். ஜெயிப்பதும் நான், தோற்பதும் நான். தோற்றவள்மேல் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். ஹைவேயில் போகிற பஸ்களின் ஹாரனை வைத்து எது திருமங்கலம் பஸ், எது விருதுநகர் பஸ் என்று சொல்லிவிடுவேன். சொன்னதைக் கேட்கத்தான் ஆள் கிடையாது. தெருப் பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கடைசியில் தெருவில் நான் மட்டும் மிஞ்சுவேன். அப்போதும் உள்ளே போக மாட்டேன். உள்ளே போனால் அந்த அறை ரொம்பப் பெரிதாக இருக்கும்.

கம்பெனியிலிருந்து எங்கள் ஊருக்கு வர, கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு மண் ரோடு. ஒரு பக்கம் சீமைக்கருவேலம், மறுபக்கம் வயல். அந்த ரோட்டில் அம்மா தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு முக்கியமான வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். தண்ணீர் வேண்டும் என்றார். நான்தான் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்துப் பேசினார்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில கஷ்டப்படுற. சாயந்தரம் நானே வண்டியில கொண்டாந்து விடுறேன்னா கேக்க மாட்டேங்கிற."

"நடந்தே பழக்கம்ணே. நீங்க போங்கண்ணே. ஒங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்."

ஒரு பேச்சில் மூன்று அண்ணே. அம்மா யாரையும் அப்படி வார்த்தைக்கு வார்த்தை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

அவர் போனதும் நான் சண்டைக்குப் போனேன். "ஏம்மா, வண்டியில வந்தா வெளிச்சத்துலயே வந்துரலாம்ல? நான் எம்புட்டு நேரம் வாசல்லயே நிக்கிறது?"

அம்மா சொம்பை வாங்கிச் சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு என்னைக் காளவாசலுக்குக் கூட்டிப்போனாள். திருமங்கலத்திலேயே கிடைக்கிற சாமானுக்கு எதற்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறுகிறோம் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கண்மாய்க்கரை ரோடு சரியில்லடி. காத்துக் கருப்பு நடமாட்டம் இருக்காம். பொம்பளை ஒத்தையில வந்தா இடுப்புல இரும்பு இருக்கணும். அதான் ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போறோம்."

இரும்பைக் கண்டால் பேய் அண்டாது என்பது எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் இருக்கும். கறி வாங்கிக்கொண்டு பொழுது சாய்ந்து வருகிறவர்கள் பைக்குள் ஓர் ஆணியைப் போட்டுக்கொள்வார்கள். அதனால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அப்ப ஒரு ஆணி போதுமேம்மா."

"ஆணியெல்லாம் இது மதிக்காது" என்றாள் அம்மா.

காளவாசலில் ரோட்டோரமாக ஒருவர் சாக்கு விரித்துப் பாக்குவெட்டி, இடுக்கி, அரிவாள்மனை எல்லாம் பரப்பியிருந்தார். ஒரு பிஸ்கட் டின் மூடியில் மடக்குக் கத்திகள் குவியலாகக் கிடந்தன. அம்மா தனக்கு வேண்டியது என்ன என்று அவரிடம் சொன்னாள். ஒல்லியாக இருக்க வேண்டும். திறந்தால் சத்தம் வரக் கூடாது.

"என்ன வேலைக்கும்மா?"

"கம்பெனியில வாளிப் பிசிறு எடுக்கண்ணே."

"பிசிறுக்கு எதுக்கும்மா ஒல்லி? தடியா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, வருசக்கணக்கா ஒழைக்கும். சத்தம் வந்தா வாளி கோவிச்சுக்குமா?"

பஸ்ஸில் என்னிடம் ஒன்று சொன்னாள், இவரிடம் வேறொன்று சொல்கிறாள். பேய் விஷயத்தை வெளி ஆளிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டில் எனக்குச் சொன்னதுதான் நிஜம் என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவர் எடுத்து வைத்த முதல் கத்தியில் பிடிக்குள் வில் இருந்தது. திறந்ததும் டக்கென்று ஒரு சத்தம். அம்மா உடனே கீழே வைத்துவிட்டாள். அடுத்ததில் அலகைப் பிடியோடு சேர்க்கிற மறை ஆணி தளர்ந்திருந்தது. தலைகீழாகப் பிடித்தால் அலகு தானாகவே தொங்கியது. மூன்றாவது இறுக்கம். அம்மாவின் கட்டைவிரல் நகம் மடங்கிப்போயிற்று. அவள் திறந்து பார்த்த விதத்தை அப்போதுதான் கவனித்தேன். வலது கையை மட்டுமே வைத்துத் திறந்தாள். கண்ணைக் கத்தியில் வைக்காமல் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே திறந்தாள். மூன்று கத்திக்குள் அவளுக்கு அலுத்துவிட்டது, எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரும்மா, நான் பாக்குறேன்" என்று மூடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அங்கேதான் என் தொழில் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வில் வைத்த கத்தியெல்லாம் சத்தம் போடும், அதனால் அவற்றைத் தனியாக ஒதுக்கினேன். வில் இல்லாமல் ஒரே மறை ஆணியில் நிற்கிற கத்திதான் சத்தமில்லாமல் திறக்கும். ஆனால் அதில் ஆணி சரியாக அமைய வேண்டும். அலகைப் பாதி திறந்து விட்டுவிட்டால் அது பாதியிலேயே நிற்க வேண்டும், தானாக விழவும் கூடாது, திரும்ப மூடிக்கொள்ளவும் கூடாது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூடியிருக்கும்போது அலகு பிடியின் நடுவில் போய் உட்கார வேண்டும், ஒரு பக்கம் உரசினால் கிர்ரென்று முனகும். ஒல்லியா என்று பார்க்க என் பையிலிருந்த பென்சிலைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? கத்திதான் சொல்லிக் கொடுத்தது.

கடைக்காரருக்கு முதலில் எரிச்சல், பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"ஏத்தா, நீ கத்தி வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா? இம்புட்டு நோட்டம் பாக்குற?"

"சரியா இருக்கணும்ல?" என்றேன்.

கடைசியில் அடியிலிருந்து ஒன்று வந்தது. கறுப்புக் கொம்புப் பிடி, பித்தளை மறை ஆணி, மூடினால் பென்சிலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கட்டைவிரலால் தள்ளினேன். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்தது. பாதியில் விட்டேன், நின்றது. காதோரம் வைத்துத் திறந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

கடைக்காரர் ஆணியில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு அம்மாவிடம் நீட்டினார். இரும்பைக் கைக்குக் கை வாங்கினால் பகை வரும் என்று, அம்மா கீழே வைக்கச் சொல்லிச் சாக்கிலிருந்து எடுத்துக்கொண்டாள். ரோட்டைப் பார்த்தபடி மூன்று தடவை திறந்தாள், மூன்று தடவை மூடினாள். "ம்" என்றாள். பாராட்டு அம்புட்டுத்தான். கடைக்காரர்தான் சொன்னார், "ஒங்க மகளக் கடையில விட்டுட்டுப் போங்கம்மா, யாவாரம் பிச்சுக்கும்." அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மேடையில் ஏற்றி எனக்குச் சால்வை போட்டுவிட்டார்கள். முதல் சால்வை அந்த வார்த்தைதான்.

வீட்டுக்கு வந்து பழைய சேலையைக் கிழித்து, கத்தி மட்டும் நுழைகிற மாதிரி ஒல்லியாக ஓர் உறை தைத்தாள். இடுப்பில் செருகினால் வெளியே தெரியவில்லை. ஒரு வாரம் சாயங்காலம் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. அம்மா சுவரைப் பார்த்து நிற்பாள். நான் "வருது" என்று சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பிப்பேன். கை இடுப்புக்குப் போய், கத்தி வெளியே வந்து, அலகு திறந்துவிட வேண்டும். முதல் நாள் ஒன்பது எண்ணினேன். வாரக் கடைசியில் நான் "ரெண்டு" சொல்லி வாயை மூடுவதற்குள் திறந்துவிட்டாள். அப்படி விளையாட அம்மா எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை.

"பேய்க்கு எதுக்கும்மா இம்புட்டு அவசரம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு அவசரந்தான்டி" என்றாள்.

கை பழகிவிட்டது, விளையாட்டு நின்றுபோயிற்று. மறுபடியும் நான் பல்லாங்குழியின் இரண்டு பக்கமும் உட்கார ஆரம்பித்தேன். எனக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை அடுப்படியில் இருந்தபோது அவளிடம் போய், காத்துக் கருப்புக்காக அம்மா கத்தி வைத்திருப்பதையும், அதை நான் தேர்ந்தெடுத்த திறமையையும் சொன்னேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெறுங்கத்தியாவா வச்சிருக்கா? அய்யோ, கூறு இல்லாதவ. மந்திரிச்ச கயிறு சுத்தாத இரும்பு வெறும் இரும்புதான்த்தா. கருப்பசாமி கோயில் பூசாரிட்டக் கேளு, தருவாரு. ஆனா ஒங்கம்மாகிட்டச் சொல்லிராத. சொன்னா பலிக்காது."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க் கரைக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி காரணம் கேட்டுவிட்டு, கறுப்புக் கயிறும் கொஞ்சம் விபூதியும் தந்தார். அன்றைக்கு அம்மா வந்து, இடுப்பிலிருந்த உறையை மாடக்குழியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். கத்தியை எடுத்தேன். பிடியையும் அலகையும் சேர்த்து ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் விபூதி. பல்லால் கடித்து இழுத்து இறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன், அலகு ஓர் இழைகூட ஆடவில்லை. ஒரு சாமான் என்றால் இப்படித்தான் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்ப உறைக்குள் செருகி வைத்தேன். காலையில் அம்மா அவசர அவசரமாகச் சோற்றைக் கட்டிக்கொண்டு, உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு.

அன்று பொழுது சாய்ந்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முடித்து, விளக்கு வைத்தும் அம்மா வரவில்லை. மண் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அந்த ரோட்டில் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், வயல் பக்கத்திலிருந்து வந்தாள். முழங்கால்வரை சேறு. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு உறையிலிருந்து கத்தியை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்து ரத்தமாக இருந்தது. கயிற்றிலும் ரத்தம்.

"இது யாரு கட்டுனது?"

"நான்தான்." சொல்லக் கூடாது என்று அத்தை சொன்னது மறந்தேபோயிற்று. "பூசாரிட்ட வாங்கியாந்தேன். ஏழு முடிச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

"நல்லாத்தான் கட்டிருக்க" என்றாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "எதையாச்சும் பாத்தியாம்மா? கருப்பப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மனுசன் மாதிரிதான் இருந்துச்சு."

"ஓடிருச்சா?"

"நான்தான் ஓடியாந்தேன். வயல்ல எறங்கி ஓடியாந்தேன்."

மொபெட் வயலுக்குள் இறங்காது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "கயிறு மட்டும் இல்லைன்னா அது ஒன்னய விட்டிருக்காதும்மா. என் கயிறுதான் காப்பாத்துச்சு."

"ஆமா" என்றாள் அம்மா. அரிவாள்மனையை எடுத்துவைத்து, அதில் வைத்துக் கயிற்றை அறுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். தெரு முழுக்கச் சொன்னேன். எங்கள் அம்மா பேயை நேருக்கு நேராகப் பார்த்தாள், நான் கட்டிய கயிற்றால் தப்பித்து வந்தாள் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அத்தையிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து எங்கள் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தூக்கு இரண்டு வேளையும் அத்தை வீட்டிலிருந்து வந்தது.

அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒன்பது நாள். பத்தாவது நாள் பெரியப்பா மாட்டு வண்டி கொண்டுவந்து எங்கள் சாமானை ஏற்றிக்கொண்டு போனார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் ஆள் ஆன கதை, அதை எந்த மேடையிலும் சொல்வேன். அம்மா கண்ணை மூடும்வரை அந்த முடிச்சுகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊருக்கே வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அதை மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த ஒன்பது நாள் மாதிரி ஒன்பது நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டம். வீடு உள்பக்கமாகத் தாழ் போட்டிருக்கும். தட்டுவேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"ஒன் மகதான்ம்மா."

எனக்காக அம்மா புதிதாக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று கதவுக்கு வெளியே நின்று சிரிப்பேன். கதவு ஒரு விரல் அளவு திறந்து, பிறகு முழுதாகத் திறக்கும். உள்ளே அம்மா இருப்பாள். சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி, பகலெல்லாம் அங்கேயே இருந்திருப்பாள். நான் பல்லாங்குழியை நடுவில் வைத்து எதிரே உட்காருவேன். எதிர்ப்பக்கம் ஆட ஆள் இருந்தது. அவள் தன் முறை வந்தது தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் "ஒன் ஆட்டம்மா" என்று தொடையில் தட்டுவேன்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அம்மா திரும்பவும் வேலைக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கருப்பசாமி கோயிலுக்குப் போனேன். பூசாரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். சாமி, அந்தப் பேயை விரட்டிவிடாதே, அது அந்த ரோட்டிலேயே இருக்கட்டும் என்று.